ஜோடி வாங்கினால் குட்டி இலவசம்!

மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் இரண்டு ரகம். மீன் செத்துப்போகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் ஒரு ரகம். மீன் பிறந்துகொண்டே இருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்துக்கு ஆறுதல் சொல்ல ஊரே இருக்கிறது. இரண்டாவது ரகத்திடம் "கங்கிராட்ஸ், ஸ்வீட் எங்கே?" என்று கேட்கத்தான் ஆள் இருக்கிறது. இந்த வாரம் நாதியற்ற அந்த இரண்டாவது ரகத்துக்காக.

ஆபீசில் எனக்கு 'மீன் டாக்டர்' என்று பட்டம். (நிஜ டாக்டர்களைவிட நான் அதிர்ஷ்டசாலி. என் பேஷண்ட்டுகள் யாரும் ராத்திரி 2 மணிக்கு போன் செய்வதில்லை.) போன மாதம் ஒரு திங்கட்கிழமை. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் இளைஞர் என் மேஜை அருகே வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சார்... ஒரு சின்னப் பிரச்னை. குழந்தை பொறந்திருக்கு."

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. திருவல்லிக்கேணி மான்ஷனில் தங்கியிருக்கிறார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "மொதல்ல உக்காருங்க" என்றேன்.

"ஐயோ, எனக்கில்ல சார்! தொட்டியில. கப்பி. ரெண்டே ரெண்டுதான் வாங்கினேன். காலையில எண்ணிப் பார்த்தா 34!"

மான்ஷனில் ரூமுக்கு மூன்று பேர் என்று கணக்கு. வாடகை தராமல் 34 பேர் புதிதாகக் குடிவந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

* * *

இதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. கடையில் அழகாக, மலிவாக, 'சாகாது சார், கியாரண்டி' என்று கொடுக்கப்படும் நாலு வகை மீன்கள் (கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில்) எல்லாமே ஒரே குடும்பம். 'குட்டி போடுற வகை' என்பார்கள். கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், ஃபைட்டர் எல்லாம் முட்டை போடுகிற வகை. சாதாரண வீட்டுத் தொட்டியில் அந்த முட்டைகள் பெரும்பாலும் பூஞ்சை பிடித்துப் போகும், அல்லது யாராவது சாப்பிட்டுவிடுவார்கள். நமக்கு விஷயமே தெரியாது. கப்பி சமாசாரம் அப்படியில்லை. முட்டை வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து, கண், வால், வாய் எல்லாம் முழுசாக, வெளியே வந்த நிமிஷமே நீந்துகிற குட்டியாக வந்து சேருகிறது. அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் பசி மட்டும் பெரிய மீனுக்குச் சமானம்.

சுமார் 4 வாரத்துக்கு ஒரு பிரசவம். தலைப்பிரசவத்தில் ஐந்தோ பத்தோ. நன்றாக வளர்ந்த பெண் மீனுக்கு 30, 40 சர்வசாதாரணம். வயிற்றின் பின்பக்கம், வாலுக்கு முன்னால் ஒரு கறுப்புத் திட்டு தெரியும். அது நாளுக்கு நாள் பெரிதாகி, வயிறு பக்கவாட்டில் பெட்டி மாதிரி சதுரமாகிவிட்டால், தேதி நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

நண்பர் ஒரு பாயிண்ட் எடுத்தார். "சார், ஆண் மீன் போன மாசமே செத்துப்போச்சு. அப்புறம் எப்படி?"

அங்கேதான் கப்பியம்மாள் நம் எல்லோரையும் ஏமாற்றுகிறாள். ஒரே ஒரு தடவை ஆண் மீனோடு சேர்ந்தால் போதும். கிடைத்த விந்தணுவை உடம்புக்குள் பத்திரமாகச் சேமித்து வைத்துக்கொண்டு, பல மாதங்களுக்குத் தவணை முறையில் குட்டி போடுவாள். பிக்சட் டெபாசிட்டில் மாதா மாதம் வட்டி வருவது மாதிரி. டெபாசிட் போட்டவர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று வட்டி கேட்பதில்லை. கடைத் தொட்டிகளில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. அதனால், 'பெண் மீன் மட்டும் நாலு குடுங்க, குட்டித் தொல்லை வேண்டாம்' என்று உஷாராக வாங்குகிறவர் வீட்டுக்குத்தான் நாலு பிரசவ வார்டு போகிறது.

இந்த மீனுக்குப் பெயர் வந்த கதை வேடிக்கை. 1859-ல் வெனிசுலாவிலிருந்து வந்த மாதிரிகளைப் பார்த்து, பெர்லினில் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற விஞ்ஞானி இதற்கு முறையாக ஒரு பெயர் வைத்துவிட்டார். டிரினிடாட் தீவில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்ற இயற்கை ஆர்வலர், அங்கே பிடித்த மீன்களை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த ஆல்பர்ட் குந்தர், இது புது மீன் என்று நினைத்து 1866-ல் கப்பியின் பெயரைச் சூட்டினார். இரண்டும் ஒரே மீன்தான் என்று பிற்பாடு தெரிந்தபோது, முதலில் வைத்த பெயர்தான் செல்லும் என்று விஞ்ஞானம் குந்தர் வைத்த பெயரைத் தள்ளிவிட்டது. ஜனங்கள் தள்ளவில்லை. ஒரு மனிதர் பேர் சொல்லப் பிள்ளை வேண்டும் என்பார்கள். மிஸ்டர் கப்பிக்கு உலகம் முழுக்க, வீட்டுக்கு வீடு, மாதா மாதம் 30.

* * *

அந்த 30 இருக்கிறதே, அதை ஒரு தடவை பேப்பரில் போட்டுப் பாருங்கள். அக்கவுண்ட்ஸ்காரர் என்பதால் நண்பரிடமே பேனாவைக் கொடுத்தேன்.

ஒரு தாய், மாதம் 30 குட்டி. எல்லாம் பிழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் 90. நாலாவது மாதம், முதல் பிரசவத்தில் பிறந்த 15 பெண்கள் பெரிய மனுஷி ஆகி, தலைக்குப் பத்துப் பத்து போட்டால் 150. தாயின் பங்கு இன்னொரு 30. மொத்தம் 270. ஐந்தாவது மாதம், இரண்டாவது பிரசவத்துப் பெண்களும் வரிசையில் சேர்ந்துகொள்ள, இன்னும் 330. ஆகக்கூடி 600.

நண்பர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஆறாவது மாசம் வேண்டாம் சார்."

வேண்டாம்தான். அவருடைய தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். தளும்பத் தளும்ப ஊற்றினாலும் 57 லிட்டரைத் தாண்டாது. கல்லையும் மணலையும் கழித்தால் 50. மீன் சுவாசிக்கிறது, சாப்பிடுகிறது, கழிக்கிறது. எல்லாம் அதே தண்ணீரில்தான். கழிவும் மிச்சத் தீனியும் அழுகி அமோனியா ஆகிறது. மீனுக்கு அது விஷம். ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த அமோனியாவை நைட்ரைட் ஆக்கி, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கி, ஆபத்தைக் குறைக்கின்றன. இந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் நிதானமாக வேலை செய்கிறவர்கள். ஒற்றை மீனுக்குப் பழகிய பாக்டீரியா, திடீரென்று 35 மீனின் வேலையைச் செய் என்றால் திணறும். அதிலும் குட்டிகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று, நாலு வேளை தீனி. மிச்சம் விழுவது அதிகம், அழுகுவது அதிகம்.

அதனால் என்ன ஆகும்? 'ஒன்றையும் சாக விடமாட்டேன்' என்று நல்ல மனசோடு 34-ஐயும் வைத்துக்கொள்கிறவர் வீட்டில், ஒரு நாள் காலையில் அத்தனை மீனும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெரிது, சிறிது எல்லாம். எதற்காகக் காப்பாற்றினோமோ அதற்கே உலை.

* * *

"அப்ப என்னதான் சார் பண்றது?"

வழி ஒன்று: ஒன்றும் செய்யாமல் இருப்பது.

"அப்படியே விட்டா?"

"பெருசுங்க சாப்பிட்டுடும்."

"பெருசுன்னா... அம்மாவேவா சார்?"

அம்மாவேதான். கப்பி தமிழ் சினிமா பார்த்ததில்லை. வாய்க்குள் நுழைகிற அளவில் எது அசைந்தாலும் அதன் அகராதியில் அதற்குப் பெயர் டிபன். நண்பர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். ஏதோ நானே ஸ்பூன் எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்த மாதிரி என்னைப் பார்த்தார். இந்த விஷயத்தில் நான் பெரிய மீன் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

டிரினிடாட் ஓடைகளில் கப்பியை வேட்டையாடும் பெரிய மீன்கள் நிறைய இருக்கிற பகுதி உண்டு, அதிகம் இல்லாத மேட்டுப் பகுதியும் உண்டு. பெரிய மீன்கள் இருக்கிற இடத்துக் கப்பி சீக்கிரமே வயசுக்கு வருகிறது. நிறைய, சின்னச் சின்னக் குட்டியாகப் போடுகிறது. ஆபத்து குறைவான இடத்துக் கப்பி நிதானமாக வளர்ந்து, கொஞ்சமாக, பெரிய குட்டியாகப் போடுகிறது. இது தற்செயலா என்று பார்க்க, 1976-ல் ஜான் எண்ட்லர் ஆபத்தான இடத்துக் கப்பிகளை, முன்பு கப்பியே இல்லாத, ஆபத்து குறைந்த ஒரு ஓடைப் பகுதிக்கு இடம் மாற்றினார். 11 வருஷம், கப்பிக் கணக்கில் 30 முதல் 60 தலைமுறை. டேவிட் ரெஸ்னிக் குழுவினர் 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். இடம் மாறிய கப்பிகளின் வம்சம், தாமதமாக வயசுக்கு வந்து, குறைவாக, பெரிய குட்டிகளாகப் போட ஆரம்பித்திருந்தது!

அதாவது குட்டிகளின் எண்ணிக்கை என்பது சாப்பிடப்போகிறவர்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு. 30 பிறப்பதே, அதில் முக்கால்வாசி போய்விடும் என்கிற எதிர்பார்ப்பில்தான். நாம் என்ன செய்கிறோம்? கண்ணாடிப் பெட்டி வாங்கி, எதிரி ஒருவரையும் உள்ளே விடாமல், வேளாவேளைக்குத் தீனி போட்டு, கூட்டலை மட்டும் வைத்துக்கொண்டு கழித்தலை எடுத்துவிடுகிறோம். அந்தக் கழித்தலை யாராவது செய்தாகவேண்டும். அம்மா மீன் செய்யலாம், அமோனியா செய்யலாம், நாம் செய்யலாம். அமோனியாவிடம் விடுவதுதான் இருப்பதிலேயே குரூரம்.

தொட்டியில் நெருக்கமாகப் பாசி, ஜாவா மாஸ் மாதிரி ஏதாவது போட்டு வைத்தால் பிரசவத்துக்கு இரண்டு, மூன்று கெட்டிக்காரக் குட்டிகள் ஒளிந்து தப்பித்து, ஒரு நாள் தானாக வெளியே வந்து பெரியவர்களோடு சாப்பிட உட்காரும். 50 லிட்டர் தாங்குகிற கணக்கு அதுதான். அப்படியும் கூட்டம் சேர்ந்தால் அடுத்த வழிகளைப் பார்க்கவேண்டும்.

* * *

வழி இரண்டு: காப்பாற்றுவது. காப்பாற்றித்தான் தீருவேன் என்றால் முழுசாகக் காப்பாற்றுங்கள்.

10, 15 லிட்டர் கொள்ளும் தனித் தொட்டியோ பிளாஸ்டிக் டப்பாவோ எடுத்து, அதே பெரிய தொட்டித் தண்ணீரை ஊற்றுங்கள். சாதாரண ஃபில்டர் குட்டியை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். தாயைக் கடைசி நேரத்தில் பிடித்துப் பிரசவ டப்பாவில் அடைத்துக் கலவரப்படுத்துவதைவிட, பிறந்த குட்டிகளைக் கப்பில் மொண்டு எடுப்பது மேல். தீனி: பெரிய மீனுக்குப் போடுவதையே விரலால் மாவாக நசுக்கிப் போடலாம். வெந்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வைத்துத் தண்ணீரில் கசக்கி, சொட்டுச் சொட்டாகவும் விடலாம். ஒரு சொட்டு அதிகமானால் தண்ணீர் நாறும், ஜாக்கிரதை. ராஜபோகம் வேண்டுமென்றால் ஆர்ட்டீமியா முட்டை வாங்கி உப்புத் தண்ணீரில் போட்டு, காற்றடித்துக்கொண்டே இருந்தால் ஒன்றரை நாளுக்குள் பொரிக்கும். (நம் தூத்துக்குடி உப்பளங்களில் தானாகவே வாழ்கிற ஜீவன்தான்.) வாரம் இரண்டு தடவை கால் பங்கு தண்ணீர் மாற்றவேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கிவிட்டுத்தான் ஊற்றவேண்டும்.

இதெல்லாம் சுலபம். கஷ்டம் ஒரு மாதம் கழித்து வரும். அப்போது குட்டிகளின் அடித்துடுப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆணுக்கு அது மடிந்து குச்சி மாதிரி ஆகும். பெண்ணுக்கு விசிறி மாதிரியே இருக்கும். குச்சி தெரிய ஆரம்பித்ததும் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடவேண்டும். அண்ணன் தங்கை என்ற மரியாதை எல்லாம் அங்கே கிடையாது. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் டெபாசிட் போட்டு முடித்திருப்பார்கள்.

ஆகவே காப்பாற்றுவதற்கு முன்னாலேயே, வளர்ந்த பிறகு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து பேர் இருந்தால் பத்துக் குட்டி எடுங்கள். ஒருத்தரும் இல்லை என்றால் எடுக்காதீர்கள். கடையில் கொடுத்துவிடலாம் என்று மனக்கணக்கு போடவேண்டாம். கொளத்தூர் மீன் கடைக்காரர் ஒருவரிடம் என் சிநேகிதர் ஒரு டப்பா நிறையக் குட்டி கொண்டுபோனார். கடைக்காரர் டப்பாவைப் பார்த்தார், சிநேகிதரைப் பார்த்தார். "தம்பி, திருப்பதியில வந்து மொட்டை அடிச்ச முடி விக்கிறீங்களே!" சில கடைகளில் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். அதில் ஒரு பகுதி பெரிய மீன்களுக்குத் தீனியாகப் போகலாம். கேட்டுவிட்டுக் கொடுங்கள். கேட்டுவிட்டு அழாதீர்கள்.

வழி மூன்று: மான்ஷன் முறை. தொட்டியில் ஆண் மீன் மட்டும். கப்பியில் கலரும் வாலும் ஆணுக்குத்தான் அமர்க்களம், பெண் சாதுவான சாம்பல் நிறம். ஆக, ஏழெட்டு ஆண் மீன் போட்டால் தொட்டி திருவிழா மாதிரி இருக்கும். கொஞ்சம் முறைப்பு, கொஞ்சம் துரத்தல், நாள் முழுக்க டிரெஸ் பண்ணிக்கொண்டு சுற்றுவது, பார்ப்பதற்கு ஆள் இல்லை. நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "எங்க ஃப்ளோர் மாதிரியே இருக்கு சார்" என்றார்.

* * *

இனிதான் முக்கியமான விஷயம். நிறைய நல்லவர்கள் செய்கிற காரியம். 'பாவம், உயிரோட ஏரியில விட்டுடலாம்.'

நண்பரும் கேட்டார். கூடவே ஒரு வாதமும் வைத்திருந்தார்: "கொசுப் புழுவைத் தின்னும்னு கவர்ன்மென்ட்டே கப்பி விடுறாங்களே சார்?"

உண்மைதான். கொசு ஒழிப்புக்காக கப்பியையும், அதன் உறவுக்காரரான கம்பூசியாவையும் நாடு நாடாகக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். கம்பூசியா 1928-ல் இந்தியாவுக்கு வந்தது. கிணறு, தொட்டி, தேங்கின தண்ணீர் என்று இடம் பார்த்து ஒரு துறை விடுவது வேறு. நாம் ஸ்கூட்டரில் போய் ஏரியில் கவிழ்ப்பது வேறு. அந்தத் துறைகளின் வழக்கத்தையே இப்போது உயிரியலாளர்கள் பலர் கேள்வி கேட்கிறார்கள். ஏரியில் இருக்கிற நம் ஊர்ச் சின்ன மீன்களின் சாப்பாட்டுக்குப் போட்டி, முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து, தொட்டியிலிருந்து போகும் நோய் வேறு.

'34 குட்டி ஒரு பெரிய ஏரியை என்ன செய்துவிடும்?' 34 வேண்டாம், ஒன்று போதும். டிரினிடாடில் தொட்டிக்கு ஒரே ஒரு சினைக் கப்பி வீதம் விட்டுப் பார்த்த ஆய்வு 2011-ல் வெளியானது. இரண்டு வருஷம் கழித்தும் பெரும்பாலான தொட்டிகளில் அந்த ஒரு தாயின் வம்சம் நிலைத்திருந்தது. டெபாசிட் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா? 'டாங்க் கிளீனர்' என்று ஆசையாக வாங்கி, வளர்ந்ததும் யாரோ ஏரியில் விட்ட சக்கர் மீன், இன்றைக்குத் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் மீனவர் வலைக்குள் வந்து முள்ளால் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. விட்டவர்கள் யாரும் வில்லன்கள் இல்லை. 'பாவம்' என்று நினைத்தவர்கள்தான்.

நம் கண்ணுக்கு முன்னால் சாகாமல் இருந்தால் போதும் என்பது கருணை மாதிரி தெரியும். கணக்கை அடுத்தவர் லெட்ஜருக்கு மாற்றி எழுதுகிற வேலைதான் அது. அக்கவுண்ட்ஸ்காரருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் கடைசியில் என்ன செய்தார் என்கிறீர்களா? மான்ஷன் முழுக்க ஒரு ரவுண்ட் போய், நிஜமாகவே தொட்டி வைத்திருக்கிற நாலு பேரைப் பிடித்தார். எட்டுக் குட்டிகளை டப்பாவில் எடுத்தார். மீதி 26-ஐத் தொட்டியிலேயே பாசியோடு விட்டுவிட்டு, "ரெண்டு நாள் அந்தப் பக்கமே திரும்பல சார்" என்றார். எடுத்த எட்டில் ஏழு வளர்ந்து நாலு ரூமுக்குப் போயின. பாசியில் மூன்று தப்பின. கல்யாணம் ஆகாத ஒருவர் இவ்வளவு பொறுப்பாகக் குடும்பக் கணக்கு பார்த்து நான் கண்டதில்லை.

உங்களுக்கு ஒரே ஒரு டிப்ஸ். அடுத்த தடவை கடைக்காரர் பாலிதீன் கவரில் தண்ணீர் பிடித்து, காற்று அடைத்து, ரப்பர் பேண்டு போட்டு நீட்டும்போது, கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து பெண் மீனின் வயிற்றைப் பாருங்கள். அப்புறம் கேளுங்கள்:

"இதுல மொத்தம் எத்தனை மீன் இருக்கு?"

"ரெண்டு சார்" என்பார்.

நம்பாதீர்கள்!